பசைக்கும் ஒரு நேரம் உண்டு



ரப்பர் மரத்தைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. எந்த நேரத்தில் வெட்டினால் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறிய பிறகு ஏன் ஓட்டம் குறைகிறது, மங்கில் நின்ற பால் எப்போது திரளத் தொடங்கும் என்பதெல்லாம் நீங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் கற்ற கல்வி. இன்று ஜொகூரில் ரப்பர் இருந்த தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கு மாறிவிட்டன. பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். என்றாலும், நேரம் பார்த்து வேலை செய்யும் அந்தக் கல்வி வீணாகிவிடவில்லை. வேறொரு தொழிலில் அது அப்படியே கைகொடுக்கிறது. அதுதான் மரச்சாமான் தொழில். அதில் பசையின் நேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் மரத்திலிருந்து தொடங்குவோம். நட்ட ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்து, மறுநடவுக்காகச் சாய்க்கப்படுகிறது. முன்பெல்லாம் சாய்த்த மரம் என்ன ஆயிற்று? அடுப்புக்கு விறகாயிற்று, ஷீட் காயவைக்கும் புகை வீட்டுக்கு விறகாயிற்று, மிச்சம் காட்டிலேயே எரிந்தது. அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். ஆகவே சாய்த்த சில நாட்களுக்குள் பூஞ்சணம் பிடித்து நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும். இதனால் அதை யாரும் மேசை நாற்காலிக்கு ஏற்ற மரமாக மதிக்கவில்லை.

பிறகு நிலைமை மாறியது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம் போன்றவை இம்மரத்தை ஆராய்ந்தன. சாய்த்த மரத்தைத் தாமதமின்றி அறுத்து, போரான் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் முறையாக உலர்த்தினால் பூச்சியும் பூஞ்சணமும் அண்டாது என்பது தெளிவாயிற்று. 1980ஆம் ஆண்டுகளில் ரப்பர் மரச்சாமான் தொழில் வேகமாக வளர்ந்தது. இன்று மலேசியா வெளிநாடுகளுக்கு அனுப்பும் மரச்சாமான்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனவை. அந்தத் தொழிலின் முதன்மையான மையம் நம்முடைய ஜொகூர் மாநிலத்தின் மூவார் வட்டாரம். உங்கள் தாத்தா பாட்டி பால் வெட்டிய இனத்து மரம்தான் இன்று கடல் கடந்து, யாரோ ஒருவர் வீட்டில் சாப்பாட்டு மேசையாக நிற்கிறது.

இதில் பசை எங்கே வந்தது என்று கேட்கலாம். ரப்பர் மரத்தின் அடிமரம் நீளமானதன்று. பால் வெட்டிய பகுதியில் தழும்பும் முடிச்சும் இருக்கும். அவற்றையெல்லாம் கழித்துவிட்டால் கிடைப்பவை சிறு சிறு துண்டுகளே. ஒரு முழ நீளத் துண்டுகளிலிருந்து ஆறடி மேசைப் பலகை வேண்டுமானால் என்ன செய்வது? துண்டின் முனைகளில் பல் போல வெட்டி, இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வது போல ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளமாக்குகிறார்கள். இதை விரல் மூட்டு என்பர். பிறகு அந்த நீளக் கட்டைகளைப் பக்கவாட்டில் சேர்த்து ஒட்டி, அகலமான பலகையாக்குகிறார்கள். ஆகவே ஒரு ரப்பர் மர மேசையில் நாம் காண்பது ஒரே பலகையன்று. பல துண்டுகளும் அவற்றைப் பிடித்து நிற்கும் பசையுமே அந்த மேசை. பசை விட்டால் மேசை இல்லை.

இப்பொழுது அந்தப் பசையைப் பார்ப்போம். மர வேலையில் மிகுதியாகப் புழங்குவது வெள்ளைப் பசை. அதன் முழுப் பெயர் பாலி வினைல் அசிட்டேட். 1912ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பிரிட்ஸ் கிளாட்டே என்பவர் கண்டறிந்த பொருளிலிருந்து வந்தது இது. பார்த்தால் ரப்பர் பால் போலவே இருக்கும். தோற்றம் மட்டுமன்று, குணமும் ஏறக்குறைய அதே. ரப்பர் பால் என்பது என்ன? தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துகள்கள் மிதப்பது. வெள்ளைப் பசையும் தண்ணீரில் பிசின் துகள்கள் மிதப்பதுதான். விரலில் பட்ட பால் காய்ந்ததும் வெண்மை மாறி, தோல் போல உரிவதைக் கண்டிருப்பீர்கள். தண்ணீர் விலக விலகத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து படலமாகிவிட்டன என்பதே அதன் பொருள். வெள்ளைப் பசையும் அப்படியே. அதில் உள்ள தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. துகள்கள் இரண்டு மரத்தின் நுண்துளைகளுக்குள்ளும் புகுந்து, ஒரே படலமாக இறுகுகின்றன.

கெட்டியாகிவிட்ட பாலை மறுபடியும் பாலாக்க முடியுமா? முடியாது. அதனால்தான் பால் திரளுமுன் ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்க அவசரப்படுகிறோம். தேவைப்பட்டால் அமோனியா சேர்க்கிறோம். பசைக்கும் இதே சட்டம். திரளுமுன் செய்ய வேண்டியது ஒன்று. திரளும்போது செய்யக்கூடாதது ஒன்று. திரண்ட பின் பொறுத்திருக்க வேண்டியது ஒன்று. இம்மூன்று நேரங்களையும் தெரிந்துகொண்டால் பசை வேலையில் பாதி தெரிந்துகொண்டது போல.

முதலாவது, திறந்த நேரம். மரத்தில் பசையைப் பூசியது முதல் மறு துண்டைச் சேர்க்கும் வரை பசை காற்றுக்குத் திறந்திருக்கிறது. சாதாரண வெள்ளைப் பசைக்கு இது சில நிமிடங்களே. ஐந்து முதல் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் சேர்த்து, இறுக்கி முடிக்க வேண்டும். தாமதித்தால் மேலே ஆடை கட்டிவிடும். ஆறிய பால் மேல் ஏடு படிவது போல. அதன் பிறகு சேர்த்தால் பசை மறு துண்டுக்குள் இறங்காது. வெளியே பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும். உள்ளே ஒரு பக்கம் மட்டும் பசை. மறு பக்கம் வெறும் மரம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பத்துக் கட்டைகளுக்கு வரிசையாகப் பசை பூசும்போது, கடைசிக் கட்டையைப் பூசிய நேரத்திலிருந்து பலர் கணக்கிடுகிறார்கள். அது தவறு. முதல் கட்டையில் பூசிய பசைக்குத்தான் வயது அதிகம். கடிகாரத்தை அதிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று, காலை நேரமும் மதிய நேரமும் ஒன்றல்ல. மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரையின் கீழ் அனல் அடிக்கும்போது பசை விரைவில் காயும். மின்விசிறி நேராகப் பூசிய பலகை மேல் வீசினால் இன்னும் விரைவில் ஆடை கட்டும். மழைநாளிலோ காற்றின் ஈரத்தால் பசை தாமதித்துக் காயும். எனவே காலையில் சரியாக இருந்த எட்டு நிமிடம் மதியத்தில் சரியாக இராது. விடியற்காலைப் பால் ஓட்டமும் பத்து மணிப் பால் ஓட்டமும் ஒன்றல்ல என்று அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அழுத்த நேரம். சேர்த்த துண்டுகளை இறுக்கியில் வைத்து முறுக்கி, அசையாமல் வைத்திருக்கும் நேரம் இது. மூட்டு நெடுகச் சிறு சிறு மணிகளாகப் பசை பிதுங்கி நின்றால் பூச்சும் அழுத்தமும் சரி என்று கொள்ளலாம். ஒன்றுமே பிதுங்காவிட்டால் பசை குறைவு, அல்லது அழுத்தம் குறைவு, அல்லது பசை முன்னரே காய்ந்துவிட்டது. ஒழுகி ஓடினால் பசை வீண். சாதாரண வெப்பத்தில் வெள்ளைப் பசைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அழுத்தம் வேண்டும். இந்நேரத்தில் மூட்டு அசையக் கூடாது. பாதி திரண்ட படலம் ஒருமுறை கிழிந்தால், மறுபடியும் இறுக்குவதால் அது கூடாது. "கொஞ்சம் கோணலாக இருக்கிறது, தட்டிச் சரி செய்வோம்" என்று பதினைந்தாவது நிமிடத்தில் சுத்தியலை எடுப்பவர் அந்த மூட்டையே கெடுத்துவிடுகிறார்.

பெரிய தொழிற்சாலைகளில் இந்த ஒரு மணி நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைக்கிறார்கள். வானொலி அலை வகையைச் சேர்ந்த மின் அலையைப் பலகைக்குள் செலுத்துகிறார்கள். உலர்ந்த மரத்தைவிட ஈரமான பசைக் கோடு அதிகம் சூடேறுவதால், மூட்டு உள்ளிருந்தே விரைவில் இறுகுகிறது. நேரம் குறைந்தாலும் சட்டம் மாறவில்லை. குறைந்த அந்த நேரத்தையும் முழுமையாகக் கொடுத்தே ஆகவேண்டும்.

மூன்றாவது, ஆறும் நேரம். பலரும் மறப்பது இதைத்தான். இறுக்கியிலிருந்து எடுத்த பலகை கையால் தூக்க உறுதியாக இருக்கும். ஆனால் வேலை முடியவில்லை. பசையிலிருந்த தண்ணீர் எங்கே போயிற்று? மூட்டின் இரு புறமும் உள்ள மரத்துக்குள் போயிற்று. அந்த இடம் சற்று ஊதியிருக்கும். அவசரப்பட்டு அப்போதே இழைத்துச் சமன் செய்தால், ஊதிய மரமும் சேர்ந்து சீவப்பட்டுவிடும். சில நாட்களில் ஈரம் பரவிக் காயும்போது அந்த இடம் சுருங்கி, மூட்டு நெடுக ஒரு பள்ளக் கோடு விழும். மெருகு பூசிய பிறகு அது இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே ஒட்டிய பலகையைக் குறைந்தது ஒரு நாள் ஆறவிட்டு இழைப்பதே முறை.

வெள்ளைப் பசையைப் போலன்றி, வேதியியல் மாற்றத்தால் இறுகும் பசைகளும் உண்டு. ஒட்டுப்பலகை செய்யப் பயன்படும் யூரியா பார்மால்டிஹைடு அப்படிப்பட்டது. பிசினோடு கெட்டியாக்கும் மருந்தைக் கலந்த நொடியிலிருந்து அதன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஷீட் போடும்போது பாலில் அமிலம் ஊற்றுவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்றிய பிறகு நிறுத்த முடியாது. வெப்பம் 10 பாகை கூடினால் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே ஒரே வாளியில் நாள் முழுவதுக்கும் கலந்து வைப்பது வீண் செலவு. கெட்டிப்பட்ட பசையில் தண்ணீர் ஊற்றி இளக்கிப் பூசுவது அதைவிடப் பெரிய தவறு. அப்படி ஒட்டியது நிற்காது.

மேசை விளிம்பில் நாடா ஒட்டும் இயந்திரத்தில் இருப்பது சூட்டில் உருகும் பசை. அது ஆறினால் இறுகும். அங்கே நேரம் நிமிடத்தில் இல்லை, விநாடியில் இருக்கிறது. நம் முன்னோர் காலத்துத் தச்சர்கள் மாட்டுத்தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தைப் பயன்படுத்தினார்கள். வச்சிரம் ஆறுமுன் சேர்க்க வேண்டும் என்பதற்காக மரத்தையும் லேசாகச் சூடுகாட்டிக்கொள்வது பழைய தச்சர்களின் வழக்கம். இயந்திரம் புதிது, அறிவு பழையது.

எல்லாப் பசைக்கும் அவசரம்தான் சட்டமா? இல்லை. சில பசைக்குக் காத்திருப்பதே சட்டம். சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டியவர்களுக்கு இது தெரியும். டியூபைச் சுரண்டி, சொலூஷன் தடவி, உடனே ஒட்டினால் நிற்காது. விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பிறகு ஒட்டி அழுத்த வேண்டும். மேசை மேல் பார்மைக்கா தகடு ஒட்டும் மஞ்சள் பசையும் இந்த வகையே. தகட்டிலும் பலகையிலும் இரண்டு பக்கமும் பூசி, பத்து இருபது நிமிடம் கரைப்பான் ஆவியாகக் காத்திருக்க வேண்டும். ஈரமாகவே சேர்த்தால் ஆவி உள்ளே சிக்கிக் கொப்புளம் கட்டும். சரியான பதத்தில் சேர்த்தாலோ தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்; நகர்த்தித் திருத்த வழியில்லை. ஆகவே இடையில் சில மெல்லிய குச்சிகளை வைத்து, தகட்டை நேராக்கிக்கொண்டு, ஒவ்வொரு குச்சியாக உருவி அழுத்துவார்கள் அனுபவசாலிகள்.

ஒரு பசைக்கு உடனே, ஒரு பசைக்குப் பொறுத்து. எது எதற்கு என்று எப்படித் தெரிவது? டின் மேலும், அதனுடன் வரும் தாளிலும் எழுதியிருக்கும். ஆங்கிலத்திலோ மலாய் மொழியிலோ இருக்கும் அதை நம் பிள்ளைகள் படிக்கப் பழக வேண்டும். நான் இங்கே சொன்ன நிமிடங்கள் பொதுவானவை. கையில் உள்ள டின்னில் எழுதியிருப்பதே இறுதிக் கணக்கு.

நேரம் தவறியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டி ஆறிய ஒரு துண்டை எடுத்து, மூட்டில் உளியை வைத்துப் பிளந்து பாருங்கள். மூட்டு விடாமல் மரமே நார் நாராகக் கிழிந்தால், ஒட்டு நல்ல ஒட்டு. ஒரு பக்கம் பசை பளபளவென்று வழவழப்பாகவும், மறு பக்கம் வெறும் மரமாகவும் பிரிந்தால், தாமதமாகச் சேர்த்திருக்கிறீர்கள். பசை இன்னும் பிசுபிசுப்பாக நூல் இழுத்தால், சீக்கிரம் அவிழ்த்துவிட்டீர்கள். இரு பக்கமும் பசையே காணோம் என்றால், பூச்சு போதவில்லை, அல்லது பசை முழுவதும் வெளியே பிதுங்கிவிட்டது. உடைந்த துண்டு பேசும். நாம் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? "மேற்பார்வையாளர் சொல்கிறார், நாம் செய்கிறோம்" என்று இருந்துவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். பசை வேலையின் குற்றம் அன்றைக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். குறைவாக வெட்டிய பாலை அன்று மாலையே நிறுத்துத் தெரிந்துகொள்ளலாம். நேரம் தவறி ஒட்டிய நாற்காலிக் காலோ மாதங்கள் கழித்து, குளிர்ந்து உலர்ந்த ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒரு முதியவர் உட்காரும்போது விடும். அவர் விழுவார். பொருள் திரும்பி வரும். அடுத்த முன்பதிவு குறையும். அது குறையும்போது முதலில் குறைவது கூடுதல் நேர வேலையும் அதன் சம்பளமும். எண்ணிக்கைக்காக நிமிடத்தைத் திருடினால், இழப்பு நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேரும். ஏன் இந்த நேரம் என்று காரணம் அறிந்த தொழிலாளி, "ஐயா, இந்தப் பலகைக்கு நேரம் கடந்துவிட்டது, தனியே வைக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்ல முடியும். அப்படிச் சொல்லத் தெரிந்தவரே நாளைக்குப் பிரிவுத் தலைவராகத் தகுதி பெறுகிறார்.

தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். மஞ்சள் பசையில் உள்ள கரைப்பான் எளிதில் தீப்பிடிக்கும். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி, எட்ட இருக்கும் அடுப்பையும் தேடிப் போகும். சமையலறையிலோ, கதவு சாத்திய அறையிலோ, சாமி விளக்கு எரியும் இடத்திலோ இதைத் திறக்காதீர்கள். சிகரெட் கூடவே கூடாது. அந்த ஆவியை வேண்டுமென்றே முகர்வது மூளையைக் கெடுக்கும். திடீரென உயிரையும் பறிக்கும். டின்னைப் பூட்டி வையுங்கள். பிள்ளைகளின் உடையில் அந்த வாடை அடிக்கடி வந்தால் திட்டுவதற்கு முன் உட்கார வைத்துக் கேளுங்கள். யூரியா பார்மால்டிஹைடு பசை கண்ணையும் மூக்கையும் எரிக்கும். காற்றோட்டமும் கையுறையும் அவசியம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, வேலைக்குத் தேவையான பாதுகாப்புத் தகவலும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. "இது என்ன பசை? எப்படிக் கையாள வேண்டும்?" என்று கேட்பது துடுக்குத்தனம் அல்ல, தொழிலாளியின் உரிமை.

இன்றைய பேச்சைச் சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசையானால், பூசியதும் விரைவாகச் சேர், சேர்த்ததும் அசைக்காதே, எடுத்ததும் அவசரப்படாதே. மஞ்சள் பசையானால், பூசிப் பொறு. சேர்க்கும்போது குறி தவறாதே. எந்தப் பசையானாலும் டின்னைப் படி, காற்றோட்டம் பார்.

வீட்டில் கால் ஆடும் முக்காலி ஒன்று நிச்சயம் இருக்கும். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, புதிய வெள்ளைப் பசை பூசி, கயிற்றால் இறுகக் கட்டி, மறுநாள் வரை யாரையும் உட்காரவிடாமல் வையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள். ஒரு தொழிலின் முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.